மூன்றாம் எண் சாவி

“முதல்ல இந்தம்மா பையைத் திறந்து காட்டச் சொல்லுங்க” என்றார் லவுஞ்ச் மானேஜர்.

அந்த நிமிடம் வரைக்கும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். மணி மதியம் இரண்டு பத்து. எங்கள் விமானத்தின் வாசலை மூன்று மணிக்குச் சாத்திவிடுவார்கள். காணாமல் போன ஒரு பாஸ்போர்ட்டை ஐம்பது நிமிடத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். விமான நிலையத்தின் அந்தச் சொகுசு லவுஞ்சில் எங்களைச் சுற்றி முப்பது பேர் சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள். மானேஜரின் விரல் அவர்களில் ஒருவர் பக்கம்கூடத் திரும்பவில்லை. நேராகப் போய் மேசை துடைக்கும் அம்மாளிடம் நின்றது.

நான் சுங்கத்துறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். வரிசையில் யார் பையைத் திறக்கச் சொல்வார்கள், யாரைப் பார்த்துச் சிரித்து வழிவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த வயிற்றெரிச்சலில்தான் வேலையை விட்டேன். விட்டுவிட்டு வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தால், இங்கேயும் அதே விரல், அதே பை.

பாஸ்போர்ட்டைத் தொலைத்தவள் என் கட்சிக்காரி. தையல் வேலை செய்கிறவள், இருபத்தாறு வயது. அவளுடைய அக்கா வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்குப் போனாள். ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டின் நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். கால் தவறி விழுந்தாள் என்று வீட்டுக்காரர்கள் சாதிக்கிறார்கள். முந்தின நாள் அக்கா தங்கையை ஃபோனில் கூப்பிட்டு, தன்னை அறைக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று அழுதிருக்கிறாள். நாளைக் காலை அந்த நாட்டு நீதிமன்றத்தில் தங்கை நேரில் நின்று அதைச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் விபத்து என்று எழுதி வழக்கை மூடிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிவைத்த நீதிபதி, மூன்றாவது தடவை கிடையாது என்று சொல்லிவிட்டார். நாளைக் காலைக்குள் போய்ச் சேர இந்த ஒரு விமானம்தான் இருந்தது.

அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்கும் என் உதவியாளன் ரேடியோவுக்கும் வேலை. ரேடியோ என்பது நான் வைத்த பெயர். அவனிடம் அணைக்கிற பொத்தான் கிடையாது.

எங்களோடு வந்த நாலாவது ஆள், செத்துப்போன அக்காவின் புருஷன். தங்கை அவரை அத்தான் என்று கூப்பிட்டாள். இரண்டு நாள் பழக்கத்தில் நானும் ரேடியோவும்கூட அத்தான் என்றே சொல்லத் தொடங்கிவிட்டோம். லவுஞ்சுக்கு வரலாம் என்றது அவர்தான். தெரிந்தவர் கொடுத்த அட்டை கையில் இருக்கிறது, அழுது அழுது பாதியாகிப்போன பெண், ஒரு மணி நேரமாவது நிம்மதியாக உட்காரட்டும் என்றார். எனக்கு இந்தச் சொகுசெல்லாம் ஒத்துவராது. இருந்தாலும் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினேன்.

நடந்தது இவ்வளவுதான். மூலையில் ஒரு மேசையைப் பிடித்து நாலு பேரும் உட்கார்ந்தோம். லவுஞ்சுக்குள் ஒலிபெருக்கி அறிவிப்பு கிடையாது. பெரிய மனிதர்களின் தூக்கம் கெட்டுவிடுமாம். எந்த விமானம் எந்த வாசலில் நிற்கிறது என்பதை நாமே எழுந்து போய்ப் பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பலகை பார்க்கப் போனேன். ரேடியோ காபி இயந்திரத்தைப் பார்க்கப் போனான். தங்கை சாப்பாடு எடுக்கப் போகும்போது கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளும்படி அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் இரண்டு நிமிடம் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாராம். அப்புறம் எல்லோரும் சாப்பிட்டோம். மேசை துடைக்கும் அம்மா வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மணிக்கு, கிளம்பலாம் என்றேன். தங்கை பையைத் திறந்தாள். போர்டிங் பாஸ் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை.

நாற்காலி மெத்தை, மேசைக்கு அடி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்ததில் பத்து நிமிடம் போயிற்று. தங்கை அழவில்லை. பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளையும் எடுத்து எடுத்து மறுபடி உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எல்லாம் தன் தப்பு, தன் தப்பு என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. காவலுக்கு வந்தவள் பலகையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தக் கோபத்தில் எண்ணெய் ஊற்றத்தான் மானேஜர் வந்து சேர்ந்தார்.

“இவங்க பையைத் திறக்கறதுன்னா, இந்த மேசைப் பக்கம் வந்த எல்லாரும் திறக்கணும். நீங்களும் ரெண்டு தடவை வந்தீங்க” என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த அம்மா தன் பையைக் கொண்டுவந்து எங்கள் மேசையிலேயே கொட்டினார். காலி டிபன் டப்பா, சீப்பு, வலிக்குத் தடவும் தைலம், ஒரு கால் உடைந்து நூலால் கட்டப்பட்ட மூக்குக்கண்ணாடி. ஐம்பது வயசு மனுஷியின் அந்தரங்கம் முழுக்க முப்பது பேர் முன்னால் கிடந்தது. பக்கத்து மேசை ஆள் சாப்பிட்டபடியே எட்டிப் பார்த்தார். மானேஜர் அதோடு நிற்கவில்லை. விசாரணை முடியும்வரை இருக்கட்டும் என்று சொல்லி, அந்த அம்மாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அந்த அட்டை இல்லாமல் விமான நிலையத்துக்குள் ஒரு கதவும் திறக்காது. அட்டை போனால் வேலையும் போன கணக்குத்தான்.

அந்த அம்மா கொட்டின பொருள்களைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் அறை வாசலில் போய் நின்றார்.

ரேடியோ என் காதருகே குனிந்தான். “பாஸ், நம்ம ஆள் அந்தக் கோட்டுக்காரன்தான். பெட்டி போடற வரிசையிலேர்ந்து நம்ம பின்னாடியே வர்றான். அவன் பாக்கெட்டைப் பாருங்க, புடைச்சுக்கிட்டு நிக்குது.”

எனக்கும் அந்த ஆள்மேல் ஒரு கண் இருந்தது. சாம்பல் நிறக் கோட்டு, வியர்த்த நெற்றி, எங்களைப் பார்ப்பதும் நாங்கள் பார்த்தால் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தான். இந்தப் பெண் நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்று நினைக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஆள் அனுப்ப வசதியில்லாமலா போகும். போய்ப் பேச்சுக் கொடு என்று ரேடியோவை அனுப்பினேன்.

ரேடியோ நேராகப் போய் அவனைத் தழுவிக்கொண்டான். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற பால்ய சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு தழுவியதில், கோட்டுப் பாக்கெட் இரண்டும் கலகலத்தன. கோட்டுக்காரன் வெலவெலத்துப்போனான். அவனை ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ரேடியோ ஏதோ கேட்டான், அவன் ஏதோ கெஞ்சினான். ஐந்து நிமிடம் கழித்து ரேடியோ என்னிடம் திரும்பி வந்தபோது முகத்தில் களையே இல்லை.

“என்னடா?”

“ஜாம் பாட்டில் பாஸ். சாப்பாட்டு மேசையில சின்னச் சின்னதா வச்சிருக்காங்களே, அதுல பதினாலு. ரெண்டு ஸ்பூன். மனுஷன் லிஃப்ட் விக்கிறவராம், வாழ்க்கையிலேயே முதல் தடவை லவுஞ்சுக்கு வந்திருக்காராம். ‘வீட்ல பிள்ளைங்களுக்குக் காட்டலாம்னு எடுத்தேன், காட்டிக்கொடுத்துடாதீங்க’ன்னு அழாத குறையா சொல்றார். ஒண்ணு எனக்கும் கொடுத்தார். வேணாம்னுட்டேன். ஆரஞ்சு எனக்குப் பிடிக்காது.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மணி இரண்டு இருபத்தொன்று. கையிலிருந்த ஒரே துப்பு ஜாமாகப் போய்விட்டது. மானேஜர் கழுவும் அறையின் குப்பையைத் தரையில் கொட்டிக் கிளறச் சொல்லியிருந்தார். கிளற வேண்டியதும் அந்த அம்மாவேதான். திருடி என்று சொல்லப்பட்டவரையே மண்டிபோட வைத்துத் தேடச் சொல்கிற அந்த நியாயத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. போய் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

“அம்மா, பாஸ்போர்ட்டைப் பத்தி நான் கேக்கப்போறதில்லை. இன்னிக்கு உங்க வேலையில ஏதாவது வழக்கத்துக்கு மாறா நடந்துச்சா? எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல.”

பின்னால் நின்ற மானேஜர் பெரிதாக மூச்சு விட்டார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து அவரிடம் ஒருவர் கேள்வி என்று கேட்டது அதுதான் முதல் தடவை போலிருந்தது.

“மூணாம் நம்பர் சாவி வரல மேடம்” என்றார்.

“எந்தச் சாவி?”

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. லவுஞ்சின் பின்பக்கம் மூன்று குளியலறைகள் இருக்கின்றன. நீண்ட பயணம் வருகிறவர்கள் அங்கே குளிக்கலாம். ஒருவர் குளித்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்ததும், அந்த அம்மா போய்த் தரையைத் துடைத்து, ஈரத்துண்டை எடுத்துவிட்டு உலர்ந்த துண்டு வைக்க வேண்டும். மேசை துடைப்பது கூடுதல் வேலைதான், சாவியின் கணக்குத்தான் அவருடைய நாள். மதியத்துக்கு மேல் முதல் அறைச் சாவி நாலு தடவை திரும்பியிருக்கிறது, இரண்டாவது மூன்று தடவை. மூன்றாவது அறைச் சாவி ஒன்றரை மணிக்குப் போனது, இன்னும் வரவில்லை.

“யாராவது ரொம்ப நேரம் குளிக்கிறாங்களோ என்னமோ” என்றேன்.

“கதவுகிட்ட போய் நின்னு பார்த்தேன் மேடம். தண்ணிச் சத்தம் இல்ல. கதவுக்கு அடியில வெளிச்சமும் இல்ல. உள்ள ஆளே கிடையாது. சாவி மட்டும் வெளியில எங்கயோ சுத்துது.”

“இருட்டுல, தண்ணி இல்லாம குளிக்கிறார். நல்ல சிக்கனமான ஆள்” என்றான் ரேடியோ.

“சாவி வாங்கறப்போ என்ன கொடுக்கணும்?” என்று கேட்டேன்.

அந்த அம்மா சாதாரணமாகப் பதில் சொன்னார். “போர்டிங் பாஸ் கொடுக்கணும். சாவியைத் தூக்கிட்டு விமானம் ஏறிடக் கூடாதில்ல, அதுக்காக. சில பேர் அதுக்குப் பதிலா பாஸ்போர்ட் கொடுப்பாங்க. சாவி வந்தாத்தான் திருப்பித் தருவாங்க.”

நான் எழுந்து நடக்கவில்லை, ஓடினேன்.

குளியலறைகளுக்குப் போகும் நடையில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைச் சாத்தினால் வெளியே கொலை நடந்தாலும் உள்ளே கேட்காது. உள்ளே ஒரு சின்ன மேசை, துண்டு அடுக்கு, சுவரில் எண் போட்ட மூன்று மரப்பெட்டிகள். துண்டு கொடுப்பவர் ஒருவர், நாற்பது வயசிருக்கும், வார இதழ் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் எண் பெட்டியில் ஒரு பாஸ்போர்ட் குப்புறக் கிடந்தது.

“அதை எடுங்க” என்றேன். சாவி வராமல் தர முடியாது என்று அவர் விதியைச் சொன்னார். திறந்து படத்தை மட்டும் காட்டுங்கள், கையில் தர வேண்டாம் என்றேன். திறந்தார். தங்கையின் முகம் எங்களைப் பார்த்தது.

அதுவரைக்கும் அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொடுத்ததை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாவியை நீட்டியிருக்கிறார். ஒன்றரை மணியிலிருந்து அது லவுஞ்சின் சொந்தப் பெட்டியில், லவுஞ்ச் ஊழியரின் சொந்தக் காவலில், மானேஜர் கத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. குப்பையில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும், கிழித்திருந்தால் குற்றம். இங்கே வைத்தால் விமானம் போன பிறகு தானாகக் கிடைக்கும், மறதி என்று சொல்லிவிடலாம். இதைச் செய்தவனுக்கு மூளை இருக்கிறது என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளக் கசந்தது.

“யார் கொடுத்தாங்க?”

“ஒரு சார். இந்தப் பாஸ்போர்ட்காரம்மா சாப்பிட்டு முடிச்சதும் குளிக்க வருவாங்க, சாவியை இப்பவே வாங்கி வச்சுக்கறேன்னார். குடும்பத்து ஆள்னு சொன்னாரு.”

ரேடியோ அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். மானேஜரும் பின்னாலேயே வந்தார். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் துண்டு கொடுப்பவர் நின்று, ஒருவர் மாற்றி ஒருவராக நிதானமாகப் பார்த்தார். லிஃப்ட் விற்கிறவர் நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றார். துண்டு கொடுப்பவரின் கண் அவரைத் தாண்டிப் போயிற்று.

“இதோ, இந்த சார்தான்” என்று அவர் காட்டியது அத்தானை.

அத்தான் இன்னும் அழுதுகொண்டிருந்தார். அழுகையை நிறுத்த அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. நான் போய் அவர் எதிரில் நின்று கையை நீட்டினேன். கால்சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் அட்டை தொங்கும் சாவியை எடுத்து, என் கையில் வைக்காமல் மேசையில் வைத்தார்.

“அவ குளிக்கட்டும்னு வாங்கினேன். பதட்டத்துல மறந்துட்டேன்” என்றார்.

“அரை மணி நேரமா உங்க கண்ணு முன்னாடி எல்லாரும் தேடறோம். இந்தம்மா பையைக் கொட்டினாங்க, குப்பையைக் கொட்டினாங்க. அப்பவும் ஞாபகம் வரலியா?”

அவர் கண் சுவர்ப் பக்கம் போயிற்று. எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டின பெண்டாட்டி செத்த வழக்கை, கட்டின புருஷனே குழிதோண்டிப் புதைக்கப் பார்த்திருக்கிறான். அவர் இவர் என்ற மரியாதையெல்லாம் எனக்கு அந்த இடத்தோடு விட்டுப்போயிற்று. ஃபோனை எடுத்தேன். விமான நிலையப் போலீஸை வரச்சொல்லி மானேஜரிடமும் கத்தினேன். மானேஜருக்கு ஏக சுறுசுறுப்பு. கூப்பிட்டால் போலீஸ் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், பாதிக்கப்பட்ட பெண் இங்கேயே இருந்து வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டைத் தடயமாக எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள், எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அடுக்கினார்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். “கூப்பிடுங்க. நான் பண்ணது தப்புதான். அவ புகார் எழுதிக் கொடுக்கட்டும், நான் எங்கயும் ஓடிடல” என்றான். குரலில் அவ்வளவு பணிவு.

நான் எண்ணை அழுத்தி முடித்திருந்தேன். பச்சைப் பொத்தானைத் தொட இருந்தபோது ரேடியோ என் மணிக்கட்டைப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னைத் தொட்டதே கிடையாது.

“பாஸ், கொஞ்சம் நில்லுங்க. மாட்டிக்கிட்டவன் வாசலைப் பார்ப்பான், இல்ல தரையைப் பார்ப்பான். இவன் ஏன் பாஸ் கடிகாரத்தைப் பார்க்கிறான்?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தெட்டு. அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தால், பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்த நானே அந்தப் பெண்ணை விமானம் ஏறவிடாமல் செய்திருப்பேன். மறைத்து வைத்தது பலித்தாலும் அவனுக்கு லாபம், அகப்பட்டுப் புகாராகிப்போனாலும் அவனுக்கு லாபம். என் கோபத்தைக்கூட அவன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோனைப் பைக்குள் போட்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

சாவியைத் துண்டு கொடுப்பவரிடம் தள்ளினேன். சாவி வந்துவிட்டது, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றேன். விதிப்படி அவர் கொடுத்தார். தங்கை அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிக்கொண்டு கிளம்பாமல் அத்தான் முன்னால் போய் நின்றாள்.

“ஏன் அத்தான்?”

அவன் சுற்றிவளைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் கம்பெனியிலேயே அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகனை அங்கேயே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். லவுஞ்ச் அட்டையும் அவர்கள் கொடுத்ததுதான்.

“தாயில்லாத பிள்ளையை நான்தானே கரையேத்தணும். நீ போய்ச் சாட்சி சொன்னா மட்டும் போனவ திரும்பி வந்துடுவாளா?” என்றான்.

“வரமாட்டா. வர்றதா இருந்தா அவளே வந்து சொல்லியிருப்பா. அதனாலதான் நான் போறேன்” என்றாள் தங்கை.

ரேடியோ அவளோடு போகட்டும், நான் இங்கே இருக்கிறேன் என்று அந்த நொடியில் முடிவு பண்ணினேன். வாய் ஓயாதவன்தான், ஆனால் ஒப்படைத்த ஆளைத் தொலைக்க மாட்டான். இரண்டு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வாசல் எண் முப்பத்தொன்று, ஓட்டமும் நடையுமாகப் போனால் பத்து நிமிடம். அத்தானும் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“புகார் இல்லேன்னா என்னை நிறுத்தி வைக்க முடியாது. எனக்கும் டிக்கெட் இருக்கு” என்றான்.

அவன் சொன்னது சட்டப்படி சரி. அங்கே போய் அவள் சொல்வதெல்லாம் பொய் என்று புருஷன் வாயால் சொன்னால் நீதிபதி யாரை நம்புவார். என் கையில் எதுவும் இல்லை. புகார் கொடுக்க வேண்டியவள் ஓடிக்கொண்டிருந்தாள். மானேஜருக்கும் விஷயம் அமுங்கிப்போனால் போதும் என்றிருந்தது. அடையாள அட்டையை அந்த அம்மாவிடம் நீட்டினார்.

“சரிம்மா, ஏதோ ஆயிடுச்சு. அட்டையை மாட்டிக்கிட்டுப் போய் வேலையைப் பாருங்க.”

அந்த அம்மா அட்டையை வாங்கவில்லை. குப்பை கிளறின கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, அத்தானுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார்.

“போலீஸைக் கூப்பிடுங்க சார். புகார் நான் கொடுக்கறேன்” என்றார் மானேஜரிடம்.

“நீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு? பாஸ்போர்ட்தான் கிடைச்சிடுச்சே.”

“அது அவங்களுக்குக் கிடைச்சிடுச்சு. திருடின்னு என் பையைக் கொட்டினீங்க, அட்டையைப் பிடுங்கினீங்க. எடுத்தது தான்தான்னு தெரிஞ்சும் இவரு உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தாரு. அந்தப் பொண்ணுக்கு அவசரம், போகணும். எனக்கு எந்த விமானமும் இல்ல. எவ்வளவு நேரம் ஆனாலும் இருந்து எழுதிக் கொடுக்கறேன்.”

மானேஜர் கூப்பிடத் தயங்கினார். நான் தயங்கவில்லை. இந்த முறை பச்சைப் பொத்தானை ஆசை தீர அழுத்தினேன்.

போலீஸ் சொன்னபடி இரண்டு நிமிடத்தில் வந்தது. வந்த அதிகாரி ஒரு பெண், அத்தானின் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. விசாரணை முடியாமல் அவன் எங்கேயும் போக முடியாது என்றார். அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். ஊழியர்கள் விருந்தினர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று மானேஜர் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அதிகாரி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மா உட்கார்ந்தார். நுனியில் உட்காரவில்லை, முதுகு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தார். உடைந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றரை மணிக்குச் சாவி போனதிலிருந்து ஆரம்பித்தார். ஒரு நிமிடத்தைக்கூட அவர் விடவில்லை.

இரண்டு ஐம்பத்தேழுக்கு ரேடியோவிடமிருந்து செய்தி வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தாயிற்றாம். தங்கை ஜன்னலோரம், இவன் நடுவில் ஒரு குண்டருக்குப் பக்கத்தில். நான் அதை உரக்கப் படித்தேன்.

மூன்று ஐந்துக்கு மேசையில் கிடந்த அத்தானின் ஃபோன் அடித்தது. வெளிநாட்டு எண். அவன் அதைத் தொடவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. எதிர்முனையில் யாரோ ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“எடுங்க தம்பி. பாவம், அவங்க கேட்டுக்கிட்டிருக்காங்க இல்ல. சொல்லுங்க” என்றார்.

அதிகாரியும் எடுக்கச் சொல்லித் தலையசைத்தார். அவன் எடுத்துக் காதில் வைத்தான். நெடுநேரம் மறுபக்கம் பேசுவதைக் கேட்டான். கடைசியில் அவன் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“ஏறிட்டா” என்றான்.

அந்த அம்மா அதிகாரியின் பக்கம் திரும்பினார். “இதையும் எழுதிக்கங்க மேடம்” என்றார்.